அரைச் சுற்று

நவம்பர் மாதம், மாலை ஆறு மணி இருக்கும். டெட்ராய்ட்டுக்கு வெளியே, சதுப்பின் நடுவே மரக்கட்டை பாவிய சாலை... நாம் புது வண்டிகளை உலுக்கிப் பார்க்கிற அதே சாலைதான். அன்றைக்கு ஓட்டியவன் நம் எல்மரின் மச்சான் கிளெம். எல்மர், நான் புளுகினால் நிறுத்திவிடு.

கிளெமுக்குப் பக்கத்தில் என்ஜினீயர் ஹேல். பேட்டரியை வண்டிக்கு அடியில் தொங்கவிட ஒரு பெட்டி வரைந்தாரே, அந்த மகானுபாவர்.

அந்தப் பெட்டி ஏற்கெனவே ஓர் ஆளைத் தின்றிருந்தது. லெஸ்டர். நம்மைப் போல வண்டி ஓட்டிச் சோதிக்கிறவன். நாம் எல்லாரும் பெட்டியின் நட்டை இறுக்கிய பிறகு அரைச் சுற்று தளர்த்துவோம், பெட்டியை இரண்டு தட்டுத் தட்டுவோம். அசைய இடம் இல்லாவிட்டால் உள்ளே பேட்டரி ஆசிட் நிரப்பிய கெட்டி ரப்பர் ஜாடி வெடிக்கும், ஆசிட் கொட்டும். ஹேலுக்கு இதெல்லாம் இளக்காரம். "முழுசா இறுக்குடா" என்று பக்கத்தில் நின்று இறுக்க வைத்தார். ஓட்டத்தில் ஜாடி வெடித்தது; அடியில் குனிந்து பார்க்கப்போன லெஸ்டர் ஆசிட்டில் வெந்து செத்தான்.

விசாரணையில் ஹேல் என்ன சொன்னார் தெரியுமா? "அவன்தான் தளர்த்திட்டான். அதான் பெட்டி கழண்டு விழுந்துச்சு." லெஸ்டரின் மனைவி அதைக் கேட்டபடி அங்கேயே நின்றாள்.

அன்று அதே பெட்டிக்கு மறு சோதனை. ஜாடி தாங்கினால் ஹேல் சொன்னதுதான் உண்மை. உடைந்தால் லெஸ்டர் மேல் போட்ட பழி பொய். நான்கு நட்டையும் ஹேலே முழுசாக இறுக்கினார்.

பாதி வழியில், வண்டிக்கு அடியில்... டக், டக்.

கிளெம் நிறுத்தினான். ஹேல் லாந்தரோடு குனிந்தார். நான்கு நட்டும் சரியாக அரைச் சுற்று தளர்ந்திருந்தன.

"உன் வேலையாடா?"

"நான் எடத்தை விட்டே நகரலையே சார். அப்படியே விட்ருங்க. அவன் நல்லதுக்குத்தான் செய்றான்."

"எவன்டா அவன்?"

கிளெம் தொப்பியைக் கழற்றினான். ஹேல் மறுபடி இறுக்கினார், ஸ்பேனரைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச தூரம்தான்... டக், டக். மறுபடியும் அரைச் சுற்று.

ஹேல் இருட்டைப் பார்த்துக் கத்தினார். "செத்தும் அடங்க மாட்டியா நாயே! இறுக்குன்னா இறுக்கணும்!"

காற்று நின்றது.

பிறகு வண்டிக்கு அடியில்... கிரீச்... கிரீச்... நட்டு இறுகும் சத்தம். ஸ்பேனர் ஹேலின் பையில்தான் கிடந்தது. மரப்பெட்டி முனகியது. ஜாடி படீரென்றது. மூக்கை அறுக்கிற ஆசிட் நெடி.

"போதுமா சார்?"

அடியிலிருந்துதான் அந்தக் குரல். மரியாதையாக, லெஸ்டர் வழக்கமாகக் கேட்கிற மாதிரியே.

ஹேல் லாந்தரை வண்டிக்கு அடியில் நீட்டினார். "வெளக்கைக் கிட்டக் கொண்டு போகாதீங்க!" என்று கிளெம் அலறுவதற்குள் பேட்டரி வாயு பற்றி வெடித்தது. ஹேல் அங்கேயே முடிந்துபோனார்.

உடைந்த ஜாடியைக் கிளெம் லெஸ்டரின் மனைவியிடமே கொண்டுபோய்க் காட்டினான். அவள் அதை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அடக்கத்தன்று, ஹேலின் சவப்பெட்டி மூடியைத் திருக வந்த ஆள் திகைத்து நின்றான். திருகாணிகள் எல்லாம் ஏற்கெனவே இறுகியிருந்தன. இறுகிய இறுக்கத்தில் பலகையில் நீளமாக விரிசல் விழுந்திருந்தது. யாரும் அதைத் தொடவில்லை என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள்.

கிளெம் அந்த விரிசலில் காதை வைத்தான். உள்ளே ஹேலின் குரல்...

"போதும்... போதும்டா..."