துக்க வீட்டோடு யாரும் போட்டியிடுவதில்லை

எங்கள் தொகுதியில் தேர்தல் என்றால் மதியம் நல்ல மாட்டிறைச்சி கிடைக்கும் என்றுதான் அர்த்தம், இன்ஸ்பெக்டர். வாக்குப்பெட்டிக்கு வேலையே வந்ததில்லை. லாம்லி குடும்பத்தார் ஒருவர் மனுப் போடுவார், எதிர்மனு இராது, எல்லோரும் சாப்பிடப் போவோம். எட்வர்ட் மன்னர் பட்டத்துக்கு வந்த பிறகும் நார்ஃபோக் மாவட்டத்தின் இந்த மூலையில் இதுவே நடைமுறை. கன்சர்வேட்டிவ் கட்சியின் ஏஜென்டாக நான் கட்டிக்காத்ததெல்லாம் இந்த அமைதியைத்தான்.

அதைக் கெடுத்தவர் எங்கள் உறுப்பினர் சர் எவரார்ட் லாம்லியேதான். நெஞ்சுச்சளி முற்றியதும் பதவியை ராஜினாமா செய்தார். மகன் ரூபர்ட் அந்த இடத்துக்கு வரவேண்டும் என்ற ஆசை. ஆசை நியாயம், முறைதான் பிசகு. அப்பா இறந்து மகன் நின்றால் எங்கள் பக்கத்தில் எதிர்க்கட்சி ஆள் நிறுத்தாது. துக்க வீட்டோடு மல்லுக்கு நிற்பது அநாகரிகம். அப்பா படுக்கையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தால் அந்தச் சலுகை கிடையாது.

விதை வியாபாரி எனோக் பன்னெட், லிபரல் கட்சிக்காக நிற்கப்போவதாகச் சந்தையில் அறிவித்தார்.

"என்ன கிம்பர், இந்தத் தடவை நீங்களும் ஓட்டு எண்ணக் கத்துக்கணும் போலிருக்கே!"

லாம்லி நிலத்துக் குத்தகைக்காரர்களும் சிரித்தார்கள். அதை நான் கவனித்துக்கொண்டேன்.

ரூபர்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல பிள்ளை. ஒரு பண்ணையில் காளையின் முதுகைத் தட்டி, "வேளைக்கு எவ்வளவு கறக்கும்?" என்று கேட்டார். காளை கண்ணியமாக நடந்துகொண்டது. வாக்காளர்கள் அப்படி நடந்துகொள்வார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. தோற்றால் என் வேலை போகும். அதைவிட, பத்திரமான தொகுதியைத் தொலைத்தவன் என்ற பெயர் நிற்கும்.

மனுத்தாக்கலுக்கு முந்தைய வாரம் சர் எவரார்டைப் பார்க்கப் போனேன். நர்ஸைத் தேநீர் குடிக்க அனுப்பினேன்.

"அந்த விதைக்காரன் ஜெயிச்சுடுவானாய்யா, கிம்பர்?"

"நீங்க ஒத்துழைச்சா மாட்டான், ஐயா."

"நான் என்னய்யா பண்ண முடியும்? எழுந்து உக்காரக்கூட முடியலையே."

"எழுந்திருக்கவே வேண்டாம், ஐயா."

"ரூபர்ட்டுக்காக எது வேணும்னாலும் பண்ணுவேன்."

இதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன். அவருடைய தலையணை கலைந்திருந்தது. அதைச் சரிசெய்தேன். அவர் முகத்தின் மீது வைத்து, சற்று நேரம் சரிசெய்துகொண்டே இருந்தேன். கையை மட்டும் கொஞ்சம் அசைத்தார். வயதானவர்களுக்குக் கடைசி நேரத்தில் மனம் மாறுவது இயல்பு. அதைப் பெரிதுபடுத்தக் கூடாது.

மறுநாளே பன்னெட் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார். துக்கம் விசாரித்தார். போட்டியிலிருந்து விலகுவதாகச் சொன்னார். நம் நாட்டு அரசியலில் நாகரிகம் செத்துவிடவில்லை என்று நெகிழ்ந்துபோனேன். ரூபர்ட் போட்டியின்றித் தேர்வானார்.

பிறகு ஒரு நாள் கடைத்தெருவில் பன்னெட் என்னை ஓரமாக இழுத்தார்.

"இப்ப சொல்றதுக்கென்ன? மனுவுக்குப் பத்து வாக்காளர் கையெழுத்து வேணுமே. லாம்லி நிலத்துல உக்காந்துக்கிட்டு எவன் எனக்குப் போடுவான்? சந்தையில சிரிச்ச பயல் ஒருத்தன்கூடக் கதவைத் திறக்கலை. பெரியவர் போறதுக்கு முன்னாடியே நிக்கிற எண்ணத்தை விட்டுட்டேன், கிம்பர். வெளியில சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சு. அவர் போனதால மரியாதையா ஒதுங்கிக்க ஒரு சாக்கு கிடைச்சுது."

நான் கோபப்படவில்லை, இன்ஸ்பெக்டர். தன்னை வெளியே அனுப்பிவிட்டு நான் அவரோடு தனியாக இருந்ததாக நர்ஸ் உங்களிடம் சொன்னதை மறுக்கவும் இல்லை. நான்தான் செய்தேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அந்த மனிதர் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லியிருந்தால் சர் எவரார்ட் இன்று உயிரோடு இருந்திருப்பார். பன்னெட்டை எப்போது கைது செய்யப்போகிறீர்கள்?