இத்தாலியப் பாட்டு கேட்க வந்தவர்

இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு வணக்கம். இசைத்தட்டுகளை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. தங்கள் காவலர் ஒருவர் நேற்று அவ்விதம் துடைப்பதைக் கண்டேன். நல்லெண்ணத்துடன்தான் செய்தார், அவரைக் கண்டிக்க வேண்டாம். உலர்ந்த மென்துணியே போதுமானது.

தேர்வுத் தாள்களைத் தவிர நான் வேறெதுவும் எழுதிப் பழகியவனல்லன். பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

அந்தத் தட்டுகளை லண்டனில் பணிபுரியும் என் சிற்றப்பா மகன் பஞ்சநதம் சென்ற சித்திரையில் கொண்டுவந்து கொடுத்தார். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் இயற்றப்பட்ட இசைநாடகம் அது. ஒரே ஒரு பருவம் மேடையேறியது. பின்னர் எவரும் சீந்தவில்லை. கையெழுத்துப் படி ஏதோ ஒரு மாளிகை நூலகத்தில் கிடந்ததாம். அண்மையில் சில இளைஞர்கள் அதைப் படியெடுத்து, அக்காலத்து நரம்புக் கருவிகளையே செய்வித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். தஞ்சை மாவட்டத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். எதிலும் மனம் நிலைக்காதவன் நான், எம்.ஏ. படித்தும் வேலைக்குப் போகாமல் கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருப்பவன். அந்த இசை ஒன்றே என்னை நாற்காலியில் உட்காரவைத்தது.

இரண்டாவது ஆள் காலஞ்சென்ற வீரையன் அவர்கள். பேச்சில் நான் அவரை ஒருமையில்தான் அழைத்துவந்தேன். எழுத்தில் அது முறையாகாது. என் பெயரிலுள்ள நிலத்தைத் தம் தந்தையார் காலத்திலிருந்து குத்தகைக்கு உழுதுவந்தவர். ஒரு மாலை மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு என் ஜன்னலுக்கு வெளியே நின்றுவிட்டார்.

"சின்னய்யா, பாடுறது பொம்பளைங்களா?"

"ஆம்பளைதான்டா. ஜெயில்ல கெடக்குற ராஜா. குரலே அப்படி."

"ராஜாவுக்கே அந்தக் கதியா? அப்ப நாங்க கத்துறதுல தப்பே இல்லைங்க."

அவரைத் தேடிவந்த மனைவி அம்சம் அம்மையார், "தவிலு இல்ல, நாயனம் இல்ல, பல்லு புடுங்குற எடத்துல கத்துற மாதிரி இது என்னங்க பாட்டு?" என்று கேட்டார்.

"நீ பேசாம இரு, ராஜா அழுவுறாரு" என்றார் வீரையன் அவர்கள். அதன்பின் பெரும்பாலான மாலைகளில் வந்து ஜன்னலுக்குக் கீழே குந்தியிருப்பார். உள்ளே வரச்சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

உழுபவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்னும் அரசின் புதிய சட்டத்தைத் தாங்கள் அறிவீர்கள். ஆவணியில் அவர் மனுக்கொடுத்தார். தாசில்தார் விசாரணைக்கு நாள் குறித்தார். அதிலிருந்து எங்கள் தெருப் பக்கமே அவர் வரவில்லை. தனியே போக வேண்டாமென்று விவசாயிகள் சங்கத்தார் சொல்லிவைத்திருந்தார்கள்.

என் அண்ணன் துரைராசு அவர்கள் ஒருநாள் சாப்பாட்டின்போது சொன்னார்: "அவன் பேரு ஏறிட்டா நெலம் உன்னுது இல்லடா. அப்புறம் இப்படிச் சாய்ஞ்சுக்கிட்டுப் பாட்டு கேக்க முடியாது. எவன்கிட்டயாவது கைகட்டிச் சம்பளம் வாங்கணும்."

அது எனக்கு நியாயமாகவே பட்டது. சாப்பிட்ட கை உலரும்வரை கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன்.

விசாரணைக்கு முந்தைய நாள் வீரையன் அவர்களைக் கொல்லையிலுள்ள மோட்டார் கொட்டகைக்கு வரவழைத்து, மனுவைத் திரும்பப் பெறுமாறு எடுத்துச் சொல்வதென்று முடிவாயிற்று. எடுத்துச் சொல்வதற்காக வெளியூரிலிருந்து இருவர் சவுக்குக் கட்டைகளுடன் வந்திருந்தார்கள். சத்தம் வெளியே போகாதிருக்க மோட்டாரை ஓடவிடலாம் என்றார் அண்ணன். ஐப்பசி மாதம், வாய்க்கால் கரை தொட்டு ஓடுகிறது, இந்நாளில் மோட்டார் ஓடினால் ஊரே வந்து என்னவென்று கேட்கும் என்று நான் பணிவுடன் எடுத்துரைத்தேன். இசைத்தட்டு என் யோசனை. அண்ணன் இதைத் தங்களிடம் சொல்லியிருக்கமாட்டார். என்மீது அவருக்குப் பாசம் அதிகம்.

அழைத்துவரும் பொறுப்பையும் நானே ஏற்றேன். வரப்பில் நடந்துபோய் அவரைக் கூப்பிட்டேன்.

"கடைசித் தட்டு நீ கேக்கவே இல்லையே. ராஜா தப்பிச்சானா இல்லையான்னு வந்து தெரிஞ்சுக்கிட்டுப் போ."

"நாளைக்கு உங்களுக்கு எதிராவே பேசப்போறேன். இன்னைக்குப் பாட்டுக்குக் கூப்புடுறீங்க. நல்ல ஆளுங்க நீங்க" என்று சிரித்தார். பிறகு வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு என் பின்னால் வந்தார். அன்றுதான் அவரை முதன்முதலாக வீட்டுக்குள் அழைத்துச் சென்றேன். கொட்டகைக்குக் கூடத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

ரேடியோகிராமை முழு ஒலியில் வைத்தேன். ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் தட்டைத் திருப்பியாக வேண்டும். அந்த இடைவெளியை நான் முன்கூட்டியே எண்ணிப்பார்க்காதது என் குறை. முதல் இடைவெளியில் கொல்லைப் பக்கமிருந்து "சின்னய்யா" என்று கேட்டது. அண்ணன் தம் அருகிலேயே நின்றும், வீரையன் அவர்கள் என்னைத்தான் கூப்பிட்டார். அவசரமாகத் தட்டைத் திருப்பி வைத்தேன். ஊசி தட்டில் ஒரு கீறல் போட்டுவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் வாசலில் குரல் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அம்சம் அம்மையார் நின்றிருந்தார்.

"எங்க வீட்டு ஆளு இங்க வந்தாருங்களா, சின்னய்யா?"

"வந்தான். கேட்டுட்டு அப்பவே போயிட்டானே."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "யாருங்க அது, உள்ள கத்துறது?"

"பாட்டுதான் அம்சம். அந்த ராஜா."

"இன்னைக்கு ரொம்ப வலிச்சுப் பாடுறாருங்க" என்று சொல்லிவிட்டு, சங்கத்துக் கொட்டகைப் பக்கம் தேடப் போனார்.

இசை உரக்க ஒலித்ததால் எனக்கு எதுவும் கேட்டிருக்காது என்று எழுதித் தரலாமே என நேற்றுத் தாங்கள் கனிவுடன் கூறினீர்கள். தங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் அது உண்மையாகாது. அம்மையார் வந்து நின்றபோது தட்டு ஓடிக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பக்கம் முடிந்துபோயிருந்தது.

அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். பின் உள்ளே சென்று கடைசிப் பக்கத்தை வைத்து, நாற்காலியில் அமர்ந்து முழுவதும் கேட்டேன். பாதிக்குமேல் கொல்லைப் பக்கமிருந்து இடையூறு எதுவும் இல்லை.