இரண்டாவது பார்சல்

டீசல் புகையையும் மீறிப் புட்டும் பொரித்த மீனும் மணத்தன. வாழையிலையில் கட்டிய சூட்டு மணம். என் பள்ளிக்காலப் பசி விழித்துக்கொண்டது. ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் போகிற படகு. எதிரே இரண்டு பெண்கள். மூத்தவளின் மடியில் இரண்டு சாப்பாட்டுப் பார்சல்கள்.

"ரெண்டும் அண்ணைக்கோ, அக்கா?" என்றாள் இளையவள்.

"ஒண்டு அவருக்கு. மற்றது யேசுவுக்கு."

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காது மட்டும் திரும்பியது.

"கூட்டாளி கனடாவுக்குப் போனாப் பிறகு மனிசன் தனியத்தான் கடலுக்குப் போறார். சீனி வருத்தக்காரன், தலைசுத்தி விழுந்தா ஆர் பிடிக்கிறது? போகாதேங்கோ எண்டு அழுதனான். 'யேசு வள்ளத்தின்ர முன்னால, அணியத்தில இருக்கிறார், நான் தனிய இல்லை' எண்டார். அப்ப அவருக்கும் பசிக்குமெல்லோ எண்டு கட்டத் துவங்கினனான்."

"ஆர் சாப்பிடுறது?"

"வேற ஆர்? பாதிச் சாப்பாடுதான் எண்டு டொக்டர் சொன்ன மனிசன்தான். கேட்டா, 'அவர் தாறதை வேண்டாமெண்டு சொல்ல ஏலுமே' எண்டுறார்."

இளையவள் சிரித்தாள். "யேசு அண்ணைக்கு நல்லாச் செல்லம் குடுக்கிறார்."

"அதுதான் இண்டைக்கு யேசுவுக்குச் சீனி வருத்தத்துக்கு நல்ல குரக்கன் புட்டும் பாகற்காயும். அவர் முகம் சுளிக்க மாட்டார்."

படகு கரையில் முட்டியது. இளையவள் எழுந்தாள்.

"இனி ஒண்டை மட்டும் கட்டுங்கோவன், அக்கா."

மூத்தவள் இரண்டையும் நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினாள்.

"ஏலாது பிள்ளை. ஒண்டைக் கட்டினா அந்தாள் தனியப் போற மாதிரியெல்லோ இருக்கும்."