எட்டாவது பறவையின் கண்

பத்து மணிக்கு இருந்துச்சும்மா! எட்டுப் பறவைக்கு எட்டுக் கண்ணு, எண்ணித்தான் எடுத்தேன். இந்தக் ‘கோந்து’ மாமா கையில வேலை குடுத்தா ஒரு துணுக்குகூட தொலையாதுன்னு ஊரே சொல்லும்... உங்ககிட்ட யாரும் சொல்லலையா? சரி, விடுங்க.

ஐயோ, காலை அசைக்காதீங்க! அரிசியில பாதிகூட இருக்காது அந்தச் சிப்பிக் கண்ணு. செருப்புல ஒட்டியிருக்கும். தூக்குங்க... அந்தக் காலு... ம்ஹூம், இல்ல.

ஏலக்காரர் வண்டி வாசல்ல நிக்குது, தெரியும்மா. ஹாரன் எனக்கும் கேக்குதே! இன்னிக்கு உங்கப்பாவோட இந்த எழுத்துப் பெட்டி ஏலத்துக்குப் போகலேன்னா உங்க தம்பி அதை ரெண்டா அறுத்துப் பாகம் பிரிச்சுக்குவாராமே. அப்பா ரெண்டு பேருக்கும் பொதுவா விட்டுட்டுப் போனாராம், அதனால பாதியாம்! நேத்து என்கிட்டயே வந்து ரம்பம் இரவல் கேட்டார்மா. குடுப்பேனா? மூடி முழுக்கப் பித்தளைக் கொடி, கொடியில சிப்பிப் பறவை, திறந்தா எழுதறதுக்குச் சாய்பலகை, மைக்கூடு நிக்கக் குழி... இதுல ரம்பத்தை வெக்கிறவன் மனுஷனா? கோவிச்சுக்காதீங்க, உங்க தம்பிதான்.

என் சம்சாரம்தான் பெருக்கித் தள்ளியிருப்பா. ஏய்! இங்க பெருக்கினியா?... பாத்தீங்களா, குளிக்கிறாளாம். தப்பு பண்றவங்க எல்லாம் இப்படித்தாம்மா, உடனே குளிக்கப் போயிடுவாங்க.

என் மச்சான் வேற காலைல வந்தான். அவன் தும்மினா கூரைத் தூசி கொட்டும். ஏழு கண்ணைப் பதிச்சுட்டேன், பிழைச்சுது. பாருங்க, என்னா முழி முழிக்குது! இது ஒண்ணுதான் கண்ணில்லாம நிக்குது, பாவம்.

இத்தனைக்கும் நான் எவ்வளவு ஜாக்கிரதை தெரியுமா? பதிக்கப்போற துண்டை மேசைலயே விடமாட்டேன். குழியில பசை தடவி, பதம் வர்றவரைக்கும் கீழுதட்டுக்குள்ள வெச்சுக்குவேன். தையக்காரர் குண்டூசியை வாயில கவ்விக்கலையா, அந்த மாதிரி. காத்துல பறக்காது. சம்சாரம் பெருக்க முடியாது. மச்சான் தும்மினாலும் கவலையில்ல. ஒரே ஒரு கட்டுப்பாடுதான்... அந்த நேரத்துல வாயைத் திறக்கக் கூடாது. நானெல்லாம் வேலைன்னு உக்காந்தா ஒரு வார்த்தை...

ஏம்மா அப்படிப் பாக்கறீங்க?

நீங்க உள்ள வந்தப்ப பசை தடவிட்டுதான் இருந்தேன். ‘வாங்க’ன்னு சொன்னேன்ல? மரியாதைக்குச் சொல்லணுமே! ‘உக்காருங்க’ன்னேன். அப்புறம் உங்க தம்பியைத் திட்டினேன்... திட்டித் திட்டித் தொண்டை வறண்டு ஒரு சொம்புத் தண்ணி...

அட.

அதான் தொண்டை கரகரன்னுது! உங்க தம்பி பேரைச் சொன்னதாலதான்னு நினைச்சேன்.

ஒண்ணும் பதறாதீங்க. சிப்பி செரிக்காது. ரெண்டு நாள் பொறுத்தா தானா வந்துடும், நல்லா அலசி, மெருகு போட்டு... என்னம்மா முகத்தைச் சுளிக்கிறீங்க? பெட்டியை ஏன் தூக்கறீங்க? சாய்க்காதீங்க, ஏழாவதுக்குப் பசை காயல! அம்மா! யாருக்கும் தெரியாதும்மா! வாழைப்பழம் ஒண்ணு சாப்பிட்டா நாளைக்கே... அட, வண்டியில ஏறிட்டாங்களே!

மார்ச் பதினொன்றாம் தேதி பெட்டி முழுசாக ஏலம் போனது. விற்பனை அட்டையில், எட்டாவது பறவை உறங்குவதாக அச்சிட்டிருந்தார்கள்.