ஏழாவது குறை

அந்தத் தேநீர்க் கோப்பையைக் கோப்பின் மேலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்தால் நல்லது. கறை பட்டால் போகாது. முப்பத்தொரு வருடம் வட்டார அலுவலகத்தின் கட்டட அனுமதிப் பிரிவில் எழுத்தராக உட்கார்ந்தவனுக்கு இப்படிச் சில பழக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிடுகின்றன. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என்னை யாரும் பிடித்து இழுத்து வரவில்லை. நானே பேருந்து ஏறி வந்தேன். தையல்கார அக்கா தங்கையின் வீட்டு விவகாரத்தில் நீங்கள் விசாரணை நடத்துவது தெரியும். அதில் என் பக்கத்தைச் சொல்லிவிட்டால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் வேலை மிச்சம்.

எங்கள் பிரிவு ஒரு நீளமான அறை. ஒரு ஜன்னல், இரண்டு மேசை, நான்கு இரும்பு அலமாரி. வயலும் பொட்டலுமாகக் கிடக்கிற வட்டாரம் என்பதால் மாதத்துக்குப் பத்து மனு வந்தால் அதிகம். வேலை இல்லாத இடம் என்று மற்றப் பிரிவுக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். மனு குறைவாக வந்தால்தான் ஒவ்வொன்றையும் ஆழமாகப் பார்க்க முடியும். நான் பார்த்தேன்.

எனக்கென்று ஒரு முறை உண்டு. மனு வந்த அன்றே முழுவதையும் படித்துவிடுவேன். இருக்கிற குறைகளை ஒரு துண்டுத் தாளில் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக எழுதி இழுப்பறையில் வைத்துக்கொள்வேன். வந்தவரிடம் முதல் குறையை மட்டும் சொல்வேன். அதைச் சரிசெய்து கொண்டுவந்தால் அடுத்தது. ஒரேயடியாகச் சொன்னால் ஆள் மிரண்டுபோவார் என்று கேட்டவர்களிடம் சொல்லிவந்தேன். உண்மை அதுவல்ல. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் மனிதர் ஒரே தடவையில் காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடுவார். பிறகு தெருவில் எதிரே வந்தால் தலையைக்கூட ஆட்டமாட்டார். நான் யாரிடமும் கை நீட்டி எதுவும் வாங்கியதில்லை. வணக்கம் மட்டும்தான் வாங்கினேன். அது ஒருவரிடமிருந்து ஐந்தாறு தடவையாவது கிடைக்கட்டுமே என்று பார்த்தேன். ஊரில் எனக்கு ‘நாளைக்கு சார்’ என்று பெயர். தெரியாதது போல இருந்துவிடுவேன்.

இனி அந்த இரண்டு பேர். அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். தங்கைக்கு இருபத்துமூன்று. தாய் தகப்பன் போன பிறகு அக்காதான் வளர்த்தவள். கடைத்தெருவில் வாடகை அறை ஒன்றில் பள்ளிச் சீருடை தைத்துப் பிழைத்தார்கள். அறையின் சொந்தக்காரர் ஆறு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். அப்பா விட்டுப்போன துண்டு நிலம் ஊருக்கு வெளியே கிடந்தது. அதில் முன்னால் ஒரு சின்ன வீடு, பின்னால் ஒரு தையல் அறை. அதற்குத்தான் மனு.

மனுவில் ஏழு குறை இருந்தது. வரைபடத்தில் வடக்குத் திசைக் குறி இல்லை. பக்கத்து நிலத்துக்காரரின் சம்மதக் கடிதத்தில் தேதி இல்லை. பாதையின் அகலத்தை அடியில் போட்டிருந்தார்கள், மீட்டரில் வேண்டும். இந்த ரகத்தில் ஆறு. ஏழாவது கொஞ்சம் பெரியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒவ்வொரு தடவையும் கடையைப் பூட்டிவிட்டு, இரண்டு பேருந்து மாறி வருவார்கள். நான்காவது தடவை அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இதையும் போன தடவையே சொல்லியிருக்கலாமே சார். நாலு மாசம் ஓடிப்போச்சு. அந்த ஆளு சாமானைத் தூக்கித் தெருவுல போட்டுருவேங்கறாரு.”

“சட்டம்னு ஒண்ணு இருக்கே அம்மா. நான் என்ன பண்ணட்டும்?” என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

ஆறாவது தடவை வந்தபோது நடைவழியில் எல்லாப் பிரிவுக்குமாகப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். நான் கதவோரத்து அலமாரிக்குப் பின்னால் கோப்பு தேடிக்கொண்டிருந்தேன். நான் அங்கே இருப்பது தங்கைக்குத் தெரியவில்லை. அவள் எழுந்து நின்று, இல்லாத கண்ணாடியை மூக்கின் மேல் தூக்கிவிட்டு, கழுத்தை ஆமை மாதிரி நீட்டி, “ஒண்ணே ஒண்ணு குறையுதே அம்மா, நாளைக்கு வாங்களேன்” என்றாள். என் குரல் அப்படியே வந்தது. பதினைந்து பேரும் சிரித்தார்கள். தண்ணீர்க் குடம் வைக்க வந்த கடைநிலை ஊழியரும் சிரித்தார். அக்கா மட்டும் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. ஆனால் தேடிய கோப்பை எடுத்துக்கொண்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டு எங்கள் அதிகாரி அம்மாள் வெளியே வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர். இரண்டு பேரையும் விசாரித்தார். கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். நடைவழியில் நிறுத்தி, அத்தனை பேர் முன்னாலும், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், இப்படிச் சொன்னார்:

“இனிமே இந்த ஃபைல்ல நீங்க ஒரு கேள்விகூட எழுதக் கூடாது. வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வரணும். இவங்க இன்னொரு தடவை இங்க வந்து நின்னாங்கன்னா உங்க மேல ரிப்போர்ட் எழுதுவேன்.”

“சரிங்க மேடம்” என்றேன்.

ஏழாவது குறைக்கு இப்போது வரலாம். இவர்கள் அப்பா வாங்குவதற்கு முன்னால் அந்த நிலம் வேறொருவரின் தோட்டம். நடுவில் நாற்பதடிக் கிணறு. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அதில் ஒரு மாடு விழுந்து செத்தது. பிறகு கிணற்றைத் தூர்த்தார்கள். மண்ணைக் கொட்டித் தூர்க்கவில்லை. மரத்தூர், பழைய டயர், இடிந்த வீட்டுச் சாமான், கையில் அகப்பட்டதையெல்லாம் போட்டு, மேலே இரண்டடிக்கு மண்ணைப் பரப்பிவிட்டார்கள். அலுவலகத்தின் சார்பில் பார்வையிடப் போனவன் நான். பழைய நில அளவைப் படத்தில் கிணற்றைச் சுற்றி வட்டம் போட்டு, ‘சரியாகத் தூர்க்கப்படவில்லை’ என்று எழுதியதும் நான்தான். இப்போது கணினியில் அச்சடித்து வருகிற படங்களில் அந்த வட்டம் கிடையாது. இவர்களுக்கு வரைந்து கொடுத்த என்ஜினியர் புதுப் படத்தை வைத்துக்கொண்டு வரைந்தவர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பழைய படம் என் அலமாரியில், என் பூட்டுக்குள் இருந்தது.

மனு வந்த முதல் நாளே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். கிணறு இருந்த இடத்தில் தையல் அறை வருகிறது. அன்றைக்கே சொல்லியிருந்தால் அறையைப் பத்தடி தள்ளிக் கட்டியிருப்பார்கள். இடம் இருந்தது. ஆனால் பெரிய குறையை நான் எப்போதும் கடைசிக்கு வைத்துக்கொள்வேன் என்று சொன்னேன் அல்லவா? ஏழாவது தடவை அவர்கள் வரும்போது அதைச் சொல்லி, எவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறேன் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன்.

ஏழாவது தடவை அவர்கள் வரவே கூடாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். கேள்வி எழுதக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். நான் மேலதிகாரி சொல்லை மீறாதவன். வியாழக்கிழமையே ‘குறைகள் ஏதுமில்லை, அனுமதிக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

வீடு கட்டி முடித்ததும் கூப்பிட்டார்கள். போனேன். வெள்ளையடித்த வாசனை போகவில்லை. தையல் அறையில் ஆறு இயந்திரங்கள் வரிசையாக இருந்தன. தங்கை தன் இயந்திரத்தை நடுவில், ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் போட்டிருந்தாள். அதன் பக்கத்திலேயே எனக்கு ஒரு நாற்காலியும் போட்டாள். நான் அதை வாசற்படிப் பக்கம் நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள்.

“சார், அன்னைக்கு ஏதோ விளையாட்டாப் பண்ணிட்டேன். நீங்க பார்த்தீங்கன்னு அப்புறந்தான் தெரிஞ்சது. மனசுல வெச்சுக்காதீங்க சார்.”

“அதெல்லாம் அன்னைக்கே மறந்தாச்சும்மா” என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்போது சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. சொன்னால், தெரிந்தும் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பார்கள். ஓய்வுபெற எனக்கு ஒன்றரை வருடம் இருந்தது.

அடுத்த மழைக்குப் பிறகு அக்கா ஒரு நாள் தனியாக வந்தாள். தையல் அறைச் சுவரில் கீறல் விழுந்திருக்கிறது, தரையில் ஒரு பக்கம் தண்ணீர் ஊற்றினால் நடுவுக்கு ஓடுகிறது, யாராவது வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள். மனுவாக எழுதிக் கொடுக்கச் சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். நிலத்தின் புல எண் போடவில்லை. போட்டுக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

அவள் புல எண்ணைத் தேடிக்கொண்டிருந்த வாரத்தில்தான் தரை உள்ளே போனது. காலை பதினொரு மணி. அக்கா முன்வீட்டில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்த்திருந்த மற்றப் பெண்கள் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தார்கள். தங்கை மட்டும் கையில் இருந்த காலரை முடித்துவிட்டு வருகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். இயந்திரமும் நாற்காலியுமாக அவளும் உள்ளே போய்விட்டாள். உடலை வெளியே எடுக்க மறுநாள் ஆகிவிட்டது.

அந்த வீட்டைக் கட்டிய கொத்தனாரைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். அஸ்திவாரத்தில் கம்பியைத் திருடிவிட்டார் என்று ஊரே பேசுகிறது. அவர் மனைவி தினமும் எங்கள் அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவர் கம்பியில் கை வைக்கவில்லை. அதற்காக நான் இன்று வந்தேன் என்று சொன்னால் உங்களுக்குக் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதற்காக வரவில்லை.

நேற்று உங்கள் இடைக்கால அறிக்கை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. நான்காம் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ‘அனுமதிப் பிரிவு எழுத்தர் கவனக்குறைவால் பழைய கிணற்றைக் கண்டறியத் தவறிவிட்டார். வயதையும் பார்வைக் குறைபாட்டையும் கருதிக் கண்டித்து விட்டுவிடலாம்.’ அதை அதிகாரி அம்மாள் எல்லோர் முன்னாலும் படித்தார். ‘பாவம், வயசாயிடுச்சு’ என்று யாரோ சொன்னார்கள். இரவு முழுக்க அந்தப் ‘பாவம்’ என் காதுக்குள்ளேயே நின்றது.

இதை எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் கவனிக்காமல் விட்டவன் அல்ல. கிணற்றைப் பார்த்தேன். அதன் மேல் ஆறு இயந்திரங்களுக்கு வரைபடத்திலேயே இடம் குறித்திருந்தார்கள், அதையும் பார்த்தேன். நடுவில் இருந்த கட்டத்துக்குள் பென்சிலால் சின்னதாகத் ‘தங்கச்சி’ என்று அக்கா எழுதி வைத்திருந்தாள். அதையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.