நோய் தொடாத கூண்டு

புழுக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அதனால் பதினெட்டு வருஷமாக, பெசன்ட் நகர் மாதா கோவிலில் காலைப் பூசை முடிந்ததும் நேராக அடையாறு பூச்சி ஆய்வுக்கூடத்துக்குத்தான் புழுக்களுக்குத் தீனி போடப் போகிறேன், ஐயா.

அங்கே ஒரு முறை உண்டு. முதலில் ஆரோக்கியமான புழுக்களின் அறை. கடைசியில்தான் வைரஸ் அறை. அதற்குள் போனவர் அன்றைக்கு முதல் அறைப் பக்கம் திரும்பக் கூடாது. சாவி என்னிடம். ஆய்வுக்கூடத் தலைவர் ராகவேந்திரன் சார் தினமும் எட்டிப் பார்த்து, "டோரதி, பிள்ளைங்க எப்படி?" என்பார். புழுக்களைத்தான் அப்படிக் கேட்பார். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் கேள்வி பிடிக்கும்.

ஆராய்ச்சிக்கு ஷண்முகப்ரியா வந்த பிறகு அதை அவளிடம் கேட்க ஆரம்பித்தார்.

அவள் ஆராய்ச்சி ஒரு நாவாய்ப்பூச்சியைப் பற்றியது. நோயுற்ற புழுவை அது உறிஞ்சும். அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதன் எச்சம் பட்ட இலையைத் தின்னும் புழு வைரஸால் சாகும். பயிரைத் தின்னும் புழுவுக்கு வயலில் மருந்தே வேண்டாம், பூச்சியே நோயைப் பரப்பிவிடும் என்றாள். அதை நிரூபிக்க, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று பூச்சி விடாத கூண்டு ஒன்றில் எல்லாப் புழுவும் பிழைக்க வேண்டும்.

"அந்தக் கூண்டு போச்சுன்னா என் மூணு வருஷம் காலி, டோரதிக்கா. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

ஒரு செவ்வாய்க்கிழமை வேலையைத் தலைகீழாகச் செய்தேன். வைரஸ் அறையிலிருந்து ஒரே ஒரு பூச்சியை மாத்திரை டப்பாவில் கொண்டுபோய் அந்தக் கூண்டில் விட்டேன். சாப்பாட்டு நேரத்தில் திரும்ப எடுத்துவிட்டேன். ஆறாம் நாள் புழுக்கள் கறுத்துத் தொங்கின. அவள் சொன்னது அத்தனையும் சரி என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

"நான் கை கழுவினேனா, அக்கா?" என்று கேட்டாள்.

"அன்னிக்கு அவசரத்துல வைரஸ் ரூம்லேருந்து அப்படியே உள்ள வந்தியேம்மா," என்றேன்.

நம்பிவிட்டாள். அன்றிலிருந்து கழுவுகிறாள். ஆராய்ச்சியை விட்டு வீட்டுக்குப் போன பிறகும் நிற்கவில்லை. போன வாரம் அவள் அம்மா சரோஜாதேவி போனில் அழுதார்: "தோலெல்லாம் உரிஞ்சு போச்சு. நீங்க சொன்னா கேப்பா." சுத்தமாக இருப்பது நல்லதுதானே என்றேன்.

கதவுப் பதிவேட்டில் அந்தச் செவ்வாய்க்கிழமை எந்த அறைக்குள் எப்போது போனேன் என்பதையும் நான் சரியாகவே எழுதியிருக்கிறேன். எனக்குப் பொய் எழுத வராது. பொறாமை என்று மட்டும் நீங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ள வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். புழு அறைச் சாவியை வேறு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு வேற்றுக் கை ஆகாது.