பாறைமேல் நின்றவர்

மயில்கள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. விராலிமலைப் பக்கம் வேலைக்கு வந்துவிட்டு மயிலைக் குறை சொல்வது, கடற்கரையில் வீடு கட்டிக்கொண்டு உப்புக்காற்றைத் திட்டுவது மாதிரி.

எங்கள் வேலை இதுதான். தரையிலிருந்து லேசர் கதிரை அனுப்புவோம். பறக்கும் ட்ரோன் தன் வயிற்றில் ஒட்டிய தகடுகளில் அதை வாங்கி மின்சாரமாக்கிக்கொள்ளும். கதிர் இருக்கும்வரை அது இறங்கவே வேண்டாம். கதிர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சுட்டுவிடும்; கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். அதனால் குறுக்கே எது வந்தாலும் தானாக அணைந்துவிடும்படி வைத்திருந்தோம். சாயங்காலம் மயில்கள் மரத்துக்குத் திரும்பும்போது கதிர் அணையும், ட்ரோன் தரைக்கு வந்துவிடும். தினமும் இதே கூத்து.

மயில் விரட்டப் பெரியகருப்பன் அண்ணனை வைத்தோம். பக்கத்து ஊர்க்காரர். கதிர் போகும் வழியைக் காட்டப் பாறைமேல் இரண்டு கம்பம் நட்டிருந்தேன். அங்கே நின்று கை தட்டுவார். மயில் மிரளாவிட்டால் கம்பங்களுக்கு நடுவே துண்டை நீட்டிக் கதிரை அணைத்துவிடுவார்.

"முருகனோட வாகனம் சார். எறகு கருகிருச்சுன்னா நாங்க ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா?" என்பார். இயந்திரத்தை என்னைவிட அவர்தான் அதிகம் நம்பினார்.

முதலீட்டாளர்கள் பார்க்க வந்த அன்று, தானாக அணையும் அந்தப் பாதுகாப்பைத் துண்டித்துவைத்தேன். ஒரு பறவைக்காக இத்தனை வருட உழைப்பு கீழே விழக் கூடாது இல்லையா? அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் பாறைக்கே போக மாட்டார். அப்புறம் மயிலை யார் விரட்டுவது? நீங்களே நியாயமாக யோசித்துப் பாருங்கள்.

பொழுது சாய்ந்ததும் ஒரு மயில் எழும்பியது. அவர் துண்டை நீட்டுவதைத் திரையில் பார்த்தேன். துண்டு புகைந்தது. திகைத்துப்போய் வாக்கிடாக்கியை எடுத்தார்.

"சார், அணையலை. இங்கிட்டு இன்னும் ரெண்டு வருது. நிப்பாட்டுங்க சார்."

வந்தவர்கள் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று சத்தத்தைக் குறைத்தேன். அவர் கம்பங்களுக்கு நடுவே ஏறி நின்று எங்கள் பக்கம் திரும்பினார். ஆளே நின்றால் அணையாமல் போகுமா என்று நினைத்திருப்பார்.

அணைக்கும் பொத்தான் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவரைத் தாண்டிப் போன மீதிக் கதிரிலேயே ட்ரோன் கடைசிச் சுற்றில் இருந்தது. முடியட்டும் என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போது கீரனூரில் என் அறைக்கு வெளியே மயில் அகவினால், விரல் தானாகச் சத்தம் குறைக்கும் குமிழைத் தேடுகிறது. குமிழ் இல்லை. பயமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி பொன்னுத்தாய் என்னைக் கும்பிட்டார். நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேனாம். இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்த அண்ணன் என் கையைத் தடவிப் பிடித்தார். "மிஷினு ஏமாத்திருச்சு சார். நீங்க எம்புட்டுப் பதறியிருப்பீங்க" என்றார். ஆமாம் என்றேன்.

நான் சொன்னதை அப்படியே வாக்குமூலமாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒருத்தர் மனசை நோகடிப்பது எனக்கு வராது.